தாம்பூலப் பையில் போன நாவல்

மாமா மகளின் கல்யாணத்தன்று தாம்பூலப் பை மேசை என் பொறுப்பில் இருந்தது. மஞ்சள் துணிப் பை. உள்ளே ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு, குங்குமப் பொட்டலம், அவற்றோடு சித்தி எழுதிய நாவல். தேங்காயை முதலில் போட்டால் புத்தகத்தின் மூலை மடங்கியது. அதனால் புத்தகத்தைப் பையின் ஓரமாக நிறுத்தி, பிறகு தேங்காயை இறக்கி, மேலே வெற்றிலையை வைக்கும் வரிசையை ஏற்படுத்திக்கொண்டு காலையிலிருந்து நிரப்பிக்கொண்டிருந்தேன். பந்தி முடிந்து வந்தவர்கள் பையை வாங்கி எட்டிப் பார்த்து, "அட, புக்கா" என்றார்கள். சித்தி பட்டுப்புடவையில் தூணோரம் நின்று, பைகள் ஒவ்வொன்றாக மண்டபத்து வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாவல் இத்தனை கைகளுக்குப் போகிறதே என்ற சந்தோஷம் அவரிடம் கொஞ்சமும் இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோய் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தவர்போல இருந்தார்.

அது மாமாவின் ஏற்பாடு. தி. நகரில் ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் உள்பாவாடையும் சேலை ஃபால்ஸும் விற்கும் கடை அவருடையது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமத்திலிருந்து இளவயதில் வந்து, அதே சந்தில் வேலைக்கு நின்று, அதே சந்தில் கடை பிடித்தவர். கூடப் பிறந்த கடைசித் தங்கை புத்தகம் போட்டுவிட்டாள் என்பதைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஆனால் படிக்கவில்லை. துணியில் ஒரு துண்டைத் தடவிப் பார்த்துவிட்டு மொத்தக் கட்டையும் எடுக்கிற பழக்கம் அவருக்கு. பின்னட்டையில் 'ஒரு குடும்பத்தின் கதை' என்று ஆரம்பிக்கும் வரியைத் தடவிப் பார்த்தார். போதும் என்று பதிப்பகத்துக்கு ஃபோன் போட்டு, தாம்பூலப் பைக்குப் பிரதிகள் வேண்டும் என்று சொல்லிவிட்டார். சித்தி கடைக்கே போய்த் தடுக்கப் பார்த்தார். நானும் உடன் போயிருந்தேன்.

"அண்ணே, இது கல்யாணத்துக்கு ஆவாதுண்ணே."

"ஏன் ஆவாது? குடும்பக் கததான? ஊர்ல எல்லாரும் சுலோகப் புஸ்தகம் குடுக்குதாக. நம்ம வீட்டுப் பிள்ள எழுதுனத நாம குடுக்கக் கூடாதாக்கும்?"

"ரொம்பச் சோகமா இருக்கும்."

"சோகமா இருந்தாத்தான் அது கத. எல்லாருஞ் சிரிச்சிக்கிட்டு நின்னா அது நம்ம கட வெளம்பரம்லா."

ஏன் ஆகாது என்று சொல்ல வேண்டுமானால், எங்கள் குடும்பத்தில் யாரும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை, விற்பனைப் பெண்கள் நடமாடும் அந்தக் கடையில், பாவாடை அடுக்குகளுக்கு நடுவில் வைத்துச் சொல்ல வேண்டும். சித்தி காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

நாவலின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மழையை நம்பிக் கிடக்கும் ஓர் ஊர். ஒரு வீட்டின் மூத்த மகளுக்கு மனம் பேதலிக்கிறது. அவள் வீட்டில் இருப்பது தெரிந்தால் அடுத்தவளுக்கு மாப்பிள்ளை வரமாட்டான். மூத்தவளைப் பம்பாயில் கட்டிக்கொடுத்துவிட்டோம் என்று ஊரில் சொல்லிவிட்டு, பருத்தி போட்டுவைக்கும் அறையில் அவளை வைத்துப் பூட்டுகிறார்கள். பம்பாயிலிருந்து மகள் அனுப்பியதென்று அம்மாக்காரி அவ்வப்போது ஒரு சேலையை ஊருக்குக் காட்டுகிறாள். அடுத்தவளின் கல்யாணம் நல்லபடியாக முடிகிறது. ஒரு கோடையில் மூத்தவள் அந்த அறையிலேயே செத்துப்போகிறாள். பம்பாயில் சௌக்கியமாக இருப்பவளுக்காக ஊர் கேட்க அழ முடியாது. விடியுமுன் காட்டில் புதைத்துவிட்டு வருகிறார்கள். மறுநாள் அந்த வீட்டில் தோசை சுடுகிறார்கள். கம்பும் சோளமும் தின்று, தீபாவளிக்கு மட்டும் தோசை காணும் வீட்டில் நாள் தவறாமல் தோசை. கடைசிக் குழந்தை அக்காவை மறந்து தோசை தின்கிறது. மழை பெய்யவில்லை. அத்தோடு நாவல் முடிகிறது.

எனக்கு ஒரு பெரியம்மா இருந்தார். பம்பாயில் வாழ்க்கைப்பட்டு அங்கேயே காய்ச்சலில் தவறிவிட்டார் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். தட்டச்சுப் பிரதியைப் பாதிவரை படித்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அதில் வரும் அடுத்தவள் என் அம்மா. அந்தப் பொய் இல்லாவிட்டால் அந்தக் கல்யாணம் இல்லை, நானும் இல்லை. சித்தியிடம் ஒன்றும் கேட்காமல் எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தேன். அம்மா அந்தப் புத்தகத்தை இன்றுவரை திறக்கவில்லை.

சித்தி மயிலாப்பூரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மந்தைவெளியில் தனியாக ஒரு ஃப்ளாட்டில் இருந்தார். மின்னஞ்சல் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லாததால், வாசகர்கள் எழுதுவதற்கென்று பதிப்பகம் என் முகவரியைப் போட்டிருந்தது. பெருங்குடியில் மென்பொருள்களைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. ஒரே கோளாறைப் பலர் பல விதமாகத் திட்டி எழுதுவார்கள். அவற்றை இனம் பிரித்து அடுக்க வேண்டும். கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் நாவலைப் பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கியபோது, கை தானாக அதே வேலையைச் செய்தது. ஒரு தாளில் நான்கு பத்திகள் போட்டேன்: நன்று. நன்று, ஆனால். ஏன் இப்படி. இது யார்.

முதல் பத்தியில் ஆட்கள் குறைவு. அடையாற்றில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் மண்ணின் நிறத்தைப் பற்றியே நெடுநேரம் பேசினார். மனிதர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதே கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, ஒரு வார்த்தை சொல்ல வந்து, சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். அவரை எந்தப் பத்தியில் போடுவதென்று எனக்குத் தெரியவில்லை. ஊர்க்காரர் ஒருவர், எங்கள் ஊரில் யாரும் கதவையே பூட்டமாட்டோம், எங்களைக் கேவலப்படுத்திவிட்டீர்கள் என்று எழுதினார். மிஞ்சிய பிரதிகள் மாமாவின் கடையில் கிடந்தன. அங்கே வேலை பார்க்கும் பெண் மத்தியானங்களில் அதைப் படித்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா இது, அந்தப் பொண்ணு வெளிய வரும் வரும்னு கடசிப் பக்கம் வரிக்கும் பாத்துக்கினே கீறேன், உங்க சித்தி தொறந்தே உடல?" சித்தியின் எதிர் ஃப்ளாட் மாமி, ஒவ்வொரு வாக்கியத்தையும் கவனமாகப் படித்தவர், வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார். "நன்னாத்தான் எழுதியிருக்கேள். ஆனா அந்தத் தோசையை மட்டும் நான் நம்பமாட்டேன். பெத்தவ அப்படி இருப்பாளோ?"

எல்லோரும் அந்தத் தோசையில்தான் வந்து நின்றார்கள். கல் நெஞ்சு என்பதை இதைவிடத் துல்லியமாக யாரும் எழுதியதில்லை என்று ஒரு கடிதம். அதிர்ச்சிக்காகச் செருகிய பொய் என்று அடுத்த கடிதம். சனிக்கிழமைகளில் மந்தைவெளிக்குப் போய் எல்லாவற்றையும் படித்துக் காட்டுவேன். சித்தி மடித்த புடவையை மறுபடி மடித்துக்கொண்டு கேட்பார். "சரி. அடுத்தது" என்பார். ஒரே ஒரு முறைதான் அதற்கு மேல் பேசினார். "எங்கம்மா அழுது நான் பாத்ததே இல்ல. அதான் அவங்க போனப்போ எனக்கும் வரல." சொல்லிவிட்டு அடுத்தது என்றார்.

எனக்கும் அலுத்துவிட்டிருந்தது. நாலாவது பத்திதான் வளர்ந்துகொண்டே போனது. அதில் பாதிப்பேர் கல்யாணத்துக்கு வந்தவர்கள். அந்தப் பெண் யார், உங்கள் வீட்டிலா, எந்த ஊரில் புதைத்தார்கள். இந்தக் கேள்வி கடைசியில் அடையாறு காந்தி நகரில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. மாமா மகள் அப்போது உண்டாகியிருந்தாள். அவர்கள் அவளிடம் முகம் கோணவில்லை. ஆனால் அவள் காரணமில்லாமல் அழுதால் மாமியார் அவள் முகத்தை உற்றுப் பார்க்கத் தொடங்கியிருந்தார். மாமா சித்தியைக் கூப்பிட்டார். மாமாவின் குரல் ஃபோனில் எனக்கும் கேட்டது.

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். வந்து உக்காந்து, எல்லாங் கற்பனைன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வா. நம்ம பிள்ள அங்க நிம்மதியா இருக்கணும்லா."

"சொன்னா அக்கா இருந்ததே இல்லன்னு ஆயிரும்ணே."

 "செத்தவ செத்தாச்சு" என்றார் மாமா. "இருக்கவள பாக்கணும்."

அக்கா செத்ததை ஊரிலிருந்து மறைத்தவர்கள் மீது வாழ்நாளெல்லாம் கோபமாக இருந்து, அந்தக் கோபத்தில் ஒரு நாவலையே எழுதிய சித்தி, இப்போது தன் வாயால் அதையே செய்ய வேண்டியிருந்தது. சம்பந்தி வீட்டுக்கு மாமாவையும் சித்தியையும் ஏற்றிக்கொண்டு நானே காரை ஓட்டினேன். சம்பந்தியம்மா மரியாதையானவர். பலகாரத் தட்டை வைத்துவிட்டு, தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். மருமக வேற இந்த நேரத்துல... உங்க வீட்டுல அந்த மாதிரி யாராவது?"

சித்தி டம்ளரைக் கீழே வைத்தார். "இல்லைங்க. எல்லாம் கற்பனை."

"அதானே பார்த்தேன்" என்றார் சம்பந்தியம்மா. அவர் உடம்பே தளர்ந்து நாற்காலியில் சாய்ந்தது. "மக செத்த மறுநாள் எவளாவது தோசை சுடுவாளா? அங்கேயே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இது நிஜமில்லன்னு." எல்லோரும் கொஞ்சம் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தார். மாமா மகள் உள்ளேயிருந்து வந்து சித்தியின் அருகில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். வேலை முடிந்தது.

திரும்பும்போது அடையாறு பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. மாமா முன்னிருக்கையில் இருந்தார். ஆற்றைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"ஏ தங்கச்சி, அந்தத் தோச விசயம். நீ தப்பா எழுதிட்ட."

"படிச்சியா?" என்றார் சித்தி.

"எல்லாம் படிச்சாச்சு. மத்ததெல்லாம் சரி. தோச தப்பு. நீ சின்னப் பிள்ள, உனக்குத் தின்னது மட்டுந்தான் ஞாவகம். எதுக்குத் தோசன்னு தெரியாது. அம்மா ஆட்டுரல்ல உக்காந்து அழுதாம்மா. குழவி சத்தத்துல வெளிய கேக்காதுல்லா. ஒரு ஈடு அரைச்சு முடிஞ்சா அடுத்த அரிசியக் கொட்டிருவா. கை ஓயுற மட்டும் ஆட்டுவா. மாவு பான பானையா நிக்கி. என்ன செய்ய? சுட்டோம்."

"அவ்வளவு அரிசி ஏதுண்ணே நம்ம வீட்ல?"

"அய்யா எங்கயோ போயி மூடையாத் தூக்கிட்டு வந்து போட்டாரு. ஒண்ணுங் கேக்கல. அது தீந்ததும் இன்னொண்ணு."

"தெருவுல கேட்டிருப்பாங்களே, என்ன தினமும் தோசைன்னு."

"கேட்டாக. பம்பாயில மக உண்டாயிருக்கான்னு சொன்னோம்."

முன்னால் இருந்த வண்டி நகர்ந்தது. நானும் நகர்த்தினேன். 

பின்னால் மறுபதிப்பு வந்தபோது, அந்தக் காட்சியை மாற்றுகிறீர்களா என்று சித்தியிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். தின்ற பிள்ளை எழுதியது அது, அதற்கு அவ்வளவுதான் தெரியும், இருக்கட்டும் என்றார். அதற்குப் பிறகு அவர் எதுவும் எழுதவும் இல்லை. இப்போதும், இது உண்மையா என்று கேட்டு வாரம் ஒருவராவது எனக்கு எழுதுகிறார்கள். மாமா மகளுக்குப் பிறந்த பெண் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கற்பனை என்று பதில் போடுகிறேன்.

சம்பந்தி வீட்டிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லவேண்டும். வண்டியை விட்டு இறங்கிய சித்தி, "மேல வாண்ணே" என்றார். புத்தகத்தைப் பற்றிய கேள்விகள் கிளம்பியதிலிருந்து மாமா அந்த வீட்டுப் படி ஏறியதில்லை. வந்தார். சித்தி விளக்கைப் போட்டார். காபிக்குப் பாலை எடுத்தார். எடுத்த பாலைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, சமையலறை வாசலிலேயே தரையில் உட்கார்ந்தார். முதலில் சத்தமே வரவில்லை. பிறகு, "எக்கா" என்று ஒரு குரல் வந்தது. அலுவலகத்திலும் கூட்டங்களிலும் நான் கேட்டிருந்த சித்தியின் குரல் அதில் இல்லை. ஊரில் சாவு வீட்டில் வாசலுக்கு வந்து விழுந்து அழுவார்களே, அப்படி. "எக்கா, எம் பொறப்பே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். இடையில் ஒரு முறை "எம்மா" என்றும் அழுதார். மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு துண்டை எடுத்துவிட்டார். வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. சாத்தலாமா என்று என் கை போனது. சாத்தவில்லை.

எதிர் ஃப்ளாட் மாமி வந்து வாசலில் நின்றார். "என்னாச்சு? யாரு?"

"எங்க அக்கா" என்றார் மாமா.

"ஐயோ. எப்போ?"

மாமா வாயைத் திறந்தார்.  தங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மாமியைப் பார்த்தார். மாமி அவரையும் தரையில் கிடந்த சித்தியையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லாவற்றையும் கவனமாகப் படித்தவர்.  எப்போது என்று இரண்டாம் முறை கேட்கவில்லை.

"அடுப்பு மூட்டாதேள்" என்றார். "நான் சாதம் வடிச்சு எடுத்துண்டு வரேன்."