கோப்பை ஓர் ஊரில், மூடி ஓர் ஊரில்

இன்று காலை நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு செய்தி. பல நாடுகள் ஆடும் ரக்பிப் போட்டி ஒன்றில் இன்னும் சில நாடுகளைச் சேர்க்கப் போகிறார்களாம். அந்தப் போட்டிக்குள்ளேயே அண்டை நாடுகள் இரண்டு தமக்குள் ஒரு பழைய கோப்பைக்கும் ஆடி வருகின்றன. அவற்றைத் தனித்தனிப் பிரிவில் போட்டுவிட்டால் அந்தக் கோப்பை என்னாகும் என்று யாரோ கேட்டிருக்கிறார். 'உரிய முறையில் பரிசீலிக்கப்படும்' என்று பதில். ஓய்வு பெறும்வரை அந்த வாக்கியத்தை எழுதியே சம்பளம் வாங்கியவன் நான். அதன் பொருள் எனக்குத் தெரியும்: இதை யாரும் யோசிக்கவில்லை.

ரக்பியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பந்து உருண்டையாக இருக்காது என்பதுதான். ஆனால் அந்நேரம் பார்த்து என் மனைவி சமையலறையில் புளி போட்டுக் குத்துவிளக்கு தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் புளிப்பு வாசனை என்னைக் கொண்டை ஊசி வளைவுகள் வழியே ஏற்காட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எண்பதுகளின் நடுவில் அங்கே இளநிலை உதவியாளராக இருந்தேன். சேலத்து வெயிலில் வளர்ந்த உடம்பு. மே மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் கோப்பு பார்ப்பேன். ஊரில் எந்தச் சங்கத்துக்கு விதிமுறை எழுத வேண்டுமென்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள். நாலு இடத்தில் 'மேற்படி' என்று சேர்த்தால் கேரம் போர்டு சங்கத்துக்குக்கூட நீதிமன்றக் களை வந்துவிடும். கபடிப் போட்டிக் குழுவுக்கு நான் செயலாளரானது அப்படித்தான். கபடி ஆடியதில்லை. எதிரே யாராவது வேகமாக வந்தால் வழிவிடுவது என் சுபாவம்.

போட்டி என்பது அதுவரை ஒரே ஒரு ஆட்டம்தான். கரடியூருக்கும் தலைச்சோலைக்கும் வருஷத்துக்கு ஒருமுறை, காபிப் பழம் பறித்து முடிந்த பிறகு. கோப்பை வெள்ளி முலாம் பூசியது. இரண்டு காதும் ஒரு மூடியும் உண்டு. எந்தக் காலத்திலோ ஓர் எஸ்டேட் மேனேஜர் கொடுத்தது. முதல் வருஷத் தள்ளுமுள்ளில் தோற்ற ஊர்க்காரர் ஒருவர் மூடியை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாராம். கேட்கப் போனவர்களிடம், அடுத்த வருஷம் ஆட வாருங்கள், கொண்டுவருகிறோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது. ஜெயித்த ஊருக்குக் கோப்பை, தோற்ற ஊருக்கு மூடி. ஆட்டத்தன்று காலை இரண்டையும் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து மேஜைமேல் ஒன்றாக்கிய பிறகுதான் விசில். நான் எழுதாத சட்டம். அதனால்தானோ என்னவோ ஒருவரும் மீறவில்லை.

நான் போன சமயம் மூடி பல வருஷமாகக் கரடியூரிலேயே கிடந்தது. அணித்தலைவர் வெள்ளையப்பன் வீட்டுப் பரணில். அவர் மனைவி சின்னப்பொண்ணு தலைச்சோலையில் பிறந்தவர். எதிரணித் தலைவர் அண்ணாமலைக்குத் தங்கை. அம்மா வீட்டுக்குப் போனால், குழந்தைகளை விசாரிப்பதற்கு முன்பே அண்ணன் கேட்பாராம்: "ஏங்கண்ணு, மூடி சௌக்கியமா?" அந்த ஊர்ப் பாத்திரக் கடைக்காரரும் விடமாட்டார். சட்டிக்கு மூடி வேண்டுமென்றால் கரடியூரில் கேளுங்கள் என்பார். சின்னப்பொண்ணு திரும்பி வந்த நாளில் வெள்ளையப்பனுக்குச் சோறு சூடாகக் கிடைக்காது.

அவருக்கு வலது முழங்கால் கழன்று கழன்று சேரும். அந்த வருஷத்தோடு சரி என்று முழங்காலே முடிவு செய்துவிட்டது. ஒருநாள் என் அலுவலக வாசலில் துண்டைக் கையில் பிடித்தபடி நின்று சொன்னார்: "இந்த ஒரு தடவ தலைச்சோலைய ஜெயிச்சு, மூடிய மச்சான் கையில குடுத்துட்டன்னாப் போதுமுங்க. அப்பறம் காலு எப்புடிப் போனாலும் போகுதுங்க."

அந்த வருஷம் பார்த்துத்தான் குழுத்தலைவருக்கு யோசனை வந்தது. ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கில் லாட்ஜ் வைத்திருந்தவர் அவர். இரண்டு ஊர் மோதுவதை யார் பார்ப்பார்கள், கோடை சீசனில் வைத்து எட்டு அணியாக்கினால் கீழிருந்து கூட்டம் வரும் என்றார். வரும் கூட்டம் எங்கே தங்கும் என்பதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டு ஊரையும் முதல் சுற்றிலேயே மோதவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். சீட்டுக் குலுக்காவிட்டால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள் என்றார். எவர்சில்வர் சொம்பில் சீட்டுப் போட்டுக் குலுக்கினோம். கரடியூர் அட்டவணையின் தலையில், தலைச்சோலை வாலில். சந்தித்தால் இறுதி ஆட்டத்தில்தான்.

வெள்ளையப்பன் அட்டவணையை வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங்க, நடுவுல யாராச்சும் ஒருத்தரு தோத்துட்டா?"

விதிப்படி வெளியேறுவார் என்றேன். அவ்வளவு சரியான, அவ்வளவு பிரயோஜனமற்ற பதிலை என் சர்வீஸில் அதற்கு முன் நான் சொன்னதில்லை.

கரடியூர் அரையிறுதியில் சுலபமாக ஜெயித்துவிட்டது. அடுத்த அரையிறுதி தலைச்சோலைக்கும் சேலத்து மில் அணிக்கும். அப்போதுதான் அந்த மைதானம் கண்டிராத ஒன்றைக் கண்டது. கரடியூர் ஜனம் மொத்தமும் தலைச்சோலைக்காகக் கத்தியது. சின்னப்பொண்ணு ஒரு கல்லின் மேல் ஏறி நின்று அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு வெள்ளையப்பன் கோட்டோரம் நொண்டி நொண்டி நடந்தார்.

தலைச்சோலை ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. கடைசியாக எதிரணிக்குள் கபடி பாடிப் போனவர் அண்ணாமலை. ஓர் ஆளைத் தொட்டுவிட்டார். திரும்பும்போது இரண்டு பேர் கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள். அவர் பாட்டை விடவில்லை. மண்ணில் குப்புற விழுந்து, அந்த இரண்டு பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நடுக்கோட்டை நோக்கி ஊர்ந்தார். வெள்ளையப்பன் அவர் முகத்துக்கு நேரே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மூச்ச உட்றாத மச்சான். இந்தா கோடு, இந்தா கோடு."

கைக்கும் கோட்டுக்கும் ஒரு சாண் இருக்கும்போது மூச்சு அறுந்தது. விசில் ஊதிவிட்டார்கள். அண்ணாமலை அப்படியே கிடந்தார். வெள்ளையப்பன் எழுந்திருக்கவில்லை.

இறுதி ஆட்டத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. வெள்ளையப்பன் யார்மேலோ இருந்த கோபத்தில் ஆடினார், மில் அணி அதற்குப் பலியானது. கரடியூருக்குக் கோப்பை. ஊர் கைதட்டியது. அவர் மட்டும் கோப்பையின் மேலிருந்த மூடியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேஜை முன்னால் நின்றார்.

"இத இப்ப யாருகிட்டக் குடுக்கறதுங்க?"

வழக்கப்படி தோற்றவருக்கு. மில் அணியின் மேனேஜரைக் கேட்டோம். கப்பு இல்லாமல் மூடியை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது சார் என்று சிரித்துவிட்டு அவர் வேனைப் பார்க்கப் போய்விட்டார். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணாமலை வந்தார். மார்பெல்லாம் செம்மண், முழங்கையில் ரத்தம்.

"மூடிய எங்ககிட்டக் குடுங்க மாப்ள. தலைச்சோலை கொண்டுபோவுது."

வருஷக்கணக்காக மூடியை வைத்துக் கேலி பேசிய மனிதர், தோல்வியைத் தானே வந்து கேட்டு வாங்குகிறார். வெள்ளையப்பனின் கை பாதிதூரம் நீண்டது. பிறகு நின்றது.

"நீங்க எங்ககிட்டத் தோக்கலியே மச்சான். எப்புடிங்க குடுக்கறது?"

"அப்ப இப்பவே ஆடலாம், வாங்க."

இரண்டு அணியும் மைதானத்துக்குள் இறங்க ஆரம்பித்தன. வெள்ளையப்பன் குனிந்து முழங்கால் துணியை இறுக்கிக் கட்டினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விதிகளை மனசுக்குள் புரட்டினேன். மழை பெய்தால் என்ன, பந்தல் சரிந்தால் என்ன, நடுவருக்கு மயக்கம் வந்தால் என்ன, எல்லாம் இருந்தது. இது இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர், மூடுபனி இறங்குவதற்குள் சிறப்பு விருந்தினர் மலையிறங்க வேண்டும் என்று சொல்லி, வெள்ளையப்பன் கீழே வைத்திருந்த மூடியை எடுத்துக் கோப்பையின் மேல் வைத்து அழுத்தினார். கோப்பை முழுசாக, புகைப்படத்துக்கு அழகாக இருந்தது.

அடுத்த வருஷம் தலைச்சோலை வரவில்லை. கொண்டுவருவதற்கு எங்களிடம் என்ன இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். போட்டி பதினாறு அணியானது. ஆளுயரத்துக்கு ஒரு புதுக் கோப்பை வந்தது. பிறகு லாட்ஜ் கைமாறியது, போட்டியும் நின்றுபோனது.

போன வருஷம் ஒரு கல்யாணத்தில் இருவரையும் பார்த்தேன். அடுத்தடுத்த நாற்காலி, இரண்டு தலையும் வெள்ளை. மிளகு விலையைப் பற்றி அடக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கோப்பை இன்னும் இருக்கிறதா என்று வெள்ளையப்பனைக் கேட்டேன்.

"இருக்குதுங்க. ஆனா தலைச்சோலைய நாங்க ஜெயிக்கவே இல்லீங்க."

முன்பெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு தலைச்சோலை ஒரு வருஷம் சிரித்திருக்கும். பக்கத்தில் இருந்த அண்ணாமலை தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாங்களுந்தான் மாப்ள, உங்ககிட்டத் தோக்கக் குடுத்து வெக்கல," என்றார்.

பந்திக்குக் கூப்பிட்டார்கள், போனோம்.