கையில இருந்த டாலரன்ஸ்

பதினோரு வருஷம் அவங்க பிரஸ் மெஷின்ல நின்னவங்க. இரும்பு உருளையோட ஓட்டைக்குள்ள ஸ்டீல் பின்னை அழுத்தி ஏத்துற வேலை. பின் ஓட்டையைவிட ஒரு துளி பெருசா இருக்கணும், அப்பத்தான் பிடிச்சு நிக்கும். ரெண்டும் எந்த அளவுலேர்ந்து எந்த அளவு வரைக்கும் இருக்கலாம்னு ட்ராயிங்ல எழுதுறதுதான் டாலரன்ஸ்.

இப்ப அவங்க மாடியில, கம்ப்யூட்டர் முன்னாடி. வேலையும் பார்த்துக்கிட்டே, ட்ராயிங் போடுற கேட் (CAD) சாஃப்ட்வேர் படிச்சு வாங்கின சீட். முதல் ட்ராயிங் சொதப்பினா மறுபடி கீழதான்னு சொல்லித்தான் உட்கார வச்சிருக்காங்க.

அந்த முதல் ட்ராயிங்ல அளவைப் பத்தி யோசிக்கவே இல்ல. பழைய ட்ராயிங்ல இருந்ததையே போட்டாங்க. ஓட்டை 12.00லேர்ந்து 12.05 மில்லிமீட்டர், பின் 12.03லேர்ந்து 12.06. இத்தனை வருஷத்துல ஒரு பின் கழண்டதில்லையே, அப்புறம் என்ன?

பிரஸ்ல இப்ப நிக்கிறது அவங்க நாத்தனார். படியேறி வந்து டேபிள் மேல ஒரு உருளையை வச்சாங்க. விரலால தட்டினதும் பின் வழுக்கி விழுந்துச்சு.

"அண்ணி, பிரஸ்ஸே வேணாம் போலிருக்கு. ஊதினா உள்ள போகுது."

"எத்தனை இப்படி?"

"பத்துல மூணு. இன்னொண்ணுல உருளையே விரிசல். நீங்க எப்படித்தான் ஏத்துனீங்க?"

"பின்னை ஓட்டை வாயில வச்சுப் பாப்பேன். லூசா இருந்தா வேற எடுப்பேன். பெரிய ஓட்டைக்குப் பெரிய…"

பாதியில ஸ்கிரீன்ல இருந்த அளவைத் திரும்பிப் பார்த்தாங்க: 12.05 ஓட்டையில 12.03 பின் எப்படி நிக்கும்? ட்ராயிங் எப்பவுமே தப்புதான்! இத்தனை வருஷமும் அதை ஒப்பேத்தினது அவங்க கை. அது அவங்களுக்கே தெரியல.

புது ஆளுக்குக் கை பழகலன்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். அவங்க அளவை மாத்திப் போட்டுட்டு நேரா டிசைன் ஹெட்கிட்ட போனாங்க.

"பழைய அளவு தப்பு சார், என் கை பார்த்துப் பார்த்து ஏத்தினதால இத்தனை நாள் தெரியல. பார்க்காம காப்பியடிச்சது என் தப்பு. ஓட்டை 12.000லேர்ந்து 12.018, பின் 12.023லேர்ந்து 12.034ன்னு மாத்திட்டேன். இனி எந்தப் பின் எந்த ஓட்டைக்குப் போனாலும் பிடிக்கும்."

"இவ்வளவு நெருக்கமா கேட்டா லேத் ஆளுங்க திட்டுவாங்களேம்மா."

"திட்டட்டும் சார். ஓட்டையை ரீமர் விட்டுச் சீவி, பின்னை கிரைண்டிங்ல தேய்ச்சா அந்த அளவு வந்துரும்."

ரெண்டு நாள் கழிச்சு, கீழ பிரஸ் பக்கத்துல சோதனை. நாத்தனார் வேணும்னே கண்ணை மூடிக்கிட்டுப் பின்னைப் பொறுக்கினாங்க. பத்தும் ஏறுச்சு. பத்தும் நின்னுச்சு. சுத்தியால தட்டிப் பார்த்த ஹெட், இவங்க பக்கம் திரும்பினார்.

"இன்னும் எத்தனை ட்ராயிங்கை உங்க கை காப்பாத்திட்டு இருந்துச்சு?"

"ஒரு நாப்பது இருக்கும் சார்."

"அப்ப எதுக்கு இங்க நிக்கிறீங்க? மேல போய் உட்காருங்க."