செயின் கவரின் சத்தம்

கரியாஹாட்டில் ஒரு கடையில் மனைவியோடும் மகளோடும் எனக்கு எலெக்ட்ரிக் மவுண்டன் பைக் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் பின்சக்கரத்தைத் தூக்கி மோட்டாரை ஓடவிட்டார். "பக்கத்துல வந்து நின்னாலும் கேக்காது, அண்ணா" என்று வங்காள மொழியில் சொன்னார். தடித்த டயர் சத்தமே இல்லாமல் சுற்றியது.

அப்பாவின் சைக்கிள் அப்படியில்லை. துறைமுக ஆபீஸ் விட்டு லேக் கார்டன்ஸில் எங்கள் சந்துக்குள் திரும்பும்போதே அதன் செயின் கவர் கடகடக்கும். உடனே அம்மா ரேடியோவை அணைப்பாள். நான் பாடப் புத்தகத்தைத் திறப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கவரின் திருகுகளை இறுக்கி, செயினுக்கு எண்ணெய் விட்டார். மறுநாள் சாயங்காலம் ரேடியோ பாட, அம்மாவும் நானும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தோம். திரும்பினால், அப்பா வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"நான் இல்லாதப்ப வீடு எப்படி இருக்கும்னு பாக்கணும்னு இருந்தேன்" என்றார் மெதுவாக. அதன்பிறகு அந்த ரேடியோ பாடவேயில்லை.

"இந்த பைக்கையே எடுத்துக்கலாமா?" என்று என் பத்து வயது மகளிடம் கேட்டேன். அவள் தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்ப்பா. சத்தம் வர்றதா வாங்குங்க."

என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.