மாறாத எடைகள்

2005-இல் மரக்காணத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். உப்பளங்களுக்கும் கடலுக்கும் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்காக அந்த நிறுவனம் முப்பத்திரண்டு பால்வாடிகளை நடத்தியது. டீச்சர்கள் மாதம் ஒருமுறை பிள்ளைகளை எடை போட்டு நோட்டில் எழுதி அனுப்புவார்கள். அதை எக்செல்லில் ஏற்றுவதற்கு இரண்டு பேர் இருந்தோம். நான் பிரம்மதேசத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். இன்னொருவர் கோட்டக்குப்பத்து அக்கா, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

பால்வாடிக்கு ஒரு ஃபைல். போன மாத ஃபைலைத் திறந்து, புதுப் பெயரில் சேமித்து, தலைப்பில் மாதத்தை மாற்றி, பழைய எடைகளை அழித்து, ஒவ்வொரு பிள்ளையின் வயதிலும் ஒரு மாதம் கூட்ட வேண்டும். இதை முப்பத்திரண்டு முறை செய்த பிறகுதான் புது எடைகளை ஏற்றவே ஆரம்பிக்க முடியும். ஏற்றி முடித்தால், எல்லா ஃபைலையும் ஒரே ஷீட்டில் ஒட்டி, நிறுவனத்தைப் பார்த்துக்கொண்ட மேடத்திடம் கொடுக்க வேண்டும். கொடுத்த கையோடு அடுத்த மாதத்து நோட்டுகள் வந்துவிடும். அந்த எண்களை நாங்கள் ஒருநாளும் படித்ததில்லை. ஏற்றினோம், அவ்வளவுதான்.

ஒருநாள் மதியம் மெனுவில் எதையோ தேடியபோது, நாம் செய்வதைப் பதிவு செய்துகொள்ளும் மேக்ரோ என்ற வசதி கண்ணில் பட்டது. தலைப்பு மாற்றுவதைப் பதிவு செய்துவிட்டு ஓடவிட்டேன். கை வைக்காமலே மாதம் மாறியது. ஆனால் அந்த ஒரு ஃபைலில் மட்டும். எல்லா ஃபைலுக்கும் ஓட வைக்க, கூடவே இருந்த ஆங்கில உதவிப் பக்கங்களை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். பாதி புரியவில்லை. ஒருமுறை அனுமந்தை பால்வாடியின் அந்த மாத எடைகள் முழுவதையும் என் மேக்ரோ துடைத்துப் போட்டுவிட்டது. யாரிடமும் சொல்லாமல் நோட்டைப் பார்த்துத் திரும்ப ஏற்றினேன். மூன்று வாரம் கழித்து, முப்பத்திரண்டு ஃபைலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே திறந்து, மாறி, மூடிக்கொண்டன. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

நான் கை தட்டாத குறை. அக்கா சந்தோஷப்படவில்லை.

"ஏம்மா, எல்லாத்தையும் இதுவே செஞ்சிட்டா நம்ம ரெண்டு பேர எதுக்கு வச்சிருப்பாங்க?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கே முடிவு செய்தோம், மேடத்திடம் சொல்வதில்லை என்று. இரண்டு மாதம் அப்படியே போனது. பாதி நாளிலேயே வேலை முடிந்துவிடும். மேடம் அந்தப் பக்கம் வந்தால் கீபோர்டைத் தட்டுவோம்.

சும்மா உட்கார்ந்திருக்க அக்காவால் முடியவில்லை. "எந்தப் புள்ளைக்கு எடை ஏறலன்னு இது காட்டுமா?" என்று கேட்டார். மூன்று மாதமாக எடை மாறாத பிள்ளையின் வரிசை மஞ்சளாகும்படி நாலு வரி எழுதிச் சேர்த்தேன். ஓடவிட்டதும் அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் விழுந்தது. உப்பளத்தை ஒட்டிய ஒரு காலனியின் ஃபைல் மட்டும் மேலிருந்து கீழ்வரை மஞ்சளாகிவிட்டது.

மேக்ரோவில்தான் தப்பு என்று நினைத்து இரண்டு நாள் வரி வரியாகத் தேடினேன். பிறகு நோட்டுகளை எடுத்துப் பார்த்தோம். டீச்சரின் கையெழுத்திலேயே மூன்று மாதமும் அதே எடைகள்.

"மேடத்துகிட்ட சொன்னா டீச்சர் வேலை போயிடும், அக்கா."

"சொல்லலன்னா? அதுல ஒரு புள்ள நெஜமாவே எளைச்சிப் போயிருந்தா? வா, மொதல்ல நாம போய்ப் பாத்துட்டு வரலாம்."

சனிக்கிழமை போனோம். டீச்சர் எங்களைவிடச் சின்னப் பெண். நாங்கள் யார் என்று சொன்னதுமே அவள் முகம் வெளுத்துவிட்டது. உத்தரத்தில் தொங்கிய தராசைக் காட்டினாள். நான் கொக்கியைப் பிடித்து இழுத்தேன். முள் அசையவில்லை.

"உப்புக் காத்துல ஸ்பிரிங் துருப்புடிச்சிடுச்சிங்க."

"அத எழுதி அனுப்பி இருக்கலாமே?"

"எங்கங்க எழுதறது? நோட்டுல எடைன்னு ஒரே கட்டந்தான் இருக்குது. மொத மாசம் காலியாத்தான் வுட்டு அனுப்பினேன். செவப்புல சுழிச்சி, 'பூர்த்தி செய்து அனுப்பவும்'னு திருப்பி அனுப்பிட்டாங்க. அப்பறம் பழச பாத்தே எழுதிட்டேன்."

சிவப்பு மையில் சுழித்து அனுப்பியது நான்தான். காலிக் கட்டம் இருந்தால் கூட்டல் சரியாக வராது என்று, ஏன் என்று கேட்காமலே அனுப்பியிருந்தேன். டீச்சரிடம் அதைச் சொன்னேன். அக்கா அவள் தோளைத் தொட்டு, "நாங்களே பேசறோம்மா" என்றார்.

திங்கட்கிழமை மேடத்தின் அறைக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். தராசு, சிவப்பு மை, மேக்ரோ, எல்லாவற்றையும் சொன்னோம். மேடம் முழுவதும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"எத்தன நாளா இது உங்ககிட்ட இருக்குது?"

"ரெண்டு மாசமாங்க."

"மீதி நேரத்துல என்ன பண்ணீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார்: "டைப் பண்ற மாதிரி உக்காந்திருந்தோம், மேடம்."

மேடம் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு கோபப்பட முயன்றார், முடியவில்லை. அன்று மதியமே கிடங்கிலிருந்த மாற்றுத் தராசை எடுத்துக்கொண்டு, எங்களையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அந்தக் காலனிக்குப் போனார்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு எடை ஏறியிருந்தது. ஒரு பெண் குழந்தைக்கு மட்டும் நோட்டில் இருந்ததைவிட மிகவும் குறைந்திருந்தது. தூக்கிய அக்கா, முள்ளைப் பார்ப்பதற்கு முன்பே, "இவ காத்து மாதிரி இருக்கறாளே" என்றார். அவளுடைய அம்மாவை உப்பளத்திலிருந்து கூப்பிட்டு வந்து, ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இரண்டு வாரம் அங்கே இருந்தார்கள். திரும்பி வந்து அடுத்த மாதம் எடை போட்டபோது அவள் தராசில் உட்கார மாட்டேன் என்று உதைத்து அழுதாள். அந்த உதையைப் பார்த்து அவள் அம்மா சிரித்தாள்.

டீச்சர் வேலையில் நீடித்தாள். எங்கள் வேலையும் போகவில்லை; மிச்ச நேரத்தில் பால்வாடிகளைப் போய்ப் பார்த்து வரச் சொன்னார் மேடம். ஒரு வாரம் நான் ஏற்றினால் அக்கா ஊர்களுக்குப் போவார், அடுத்த வாரம் நான் போவேன். அக்காவுக்கு வெளியே போவதுதான் பிடித்தது. என் முறையையும் பலதடவை அவரே எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாத நோட்டு அச்சுக்குப் போவதற்கு முன் மேடத்திடம் கேட்டு ஒரு கட்டம் சேர்த்தேன்: 'தராசு சரியாக இருக்கிறதா?' மேக்ரோவிலும் அதற்கு ஓர் இடம் ஒதுக்கினேன். முதல் மாதமே மூன்று பால்வாடிகளிலிருந்து 'இல்லை' என்று வந்தது. அந்த மூன்று ஃபைலிலும் எடைக் கட்டங்கள் காலியாக இருந்தன. அப்படியே சேமித்தேன்.