கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.

போன மாதம் கல்கத்தா அலிப்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் என் நெஞ்சு ஒரு நிமிஷம் நின்றுவிட்டது. டாக்டரிடம் போகவில்லை. காரணம் எனக்கே தெரியும்.

சின்னசாமி என்று ஒருவர். வேலூர்க்காரர். பதினேழு வருஷம் ராணுவத்தில் வயர்லெஸ் பார்த்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். மனைவி நீலிமா வங்காளி, அதனால் கல்கத்தாவாசி. இப்போது கிடர்பூரில் ஒரு கிடங்குக்குக் காவல். பேஹாலா பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கம் அவருக்கு மனை ஒதுக்கியிருந்தது. ஒரே நிபந்தனை... இரண்டு மாதத்துக்குள் வீட்டுக்கடன் அனுமதிக் கடிதத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மனை பட்டியலில் அடுத்தவருக்கு.

நீலிமா அதற்குள் அந்தக் காலி மனையில் நாலு செங்கல்லை வைத்து, சமையலறை இங்கே என்று முடிவே செய்துவிட்டாள்.

முன்னாள் ராணுவத்தினருக்கு என்று தனிக் கடன் திட்டம் இருக்கிறது. படிவம் பதினோரு பக்கம். ஓய்வு பெற்று நான் குடியிருக்கும் பவானிபூரில் மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளங்களைத் தாண்டி என்னைத் தேடி வந்தார். வராமல்? டில்லித் தலைமை அலுவலகத்தில் வீட்டுக்கடன் விதிகளோடு முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவன் நான். இரண்டே உபதேசம் செய்தேன் — ஒரு கேள்வியையும் காலியாக விடாதீர்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

பட்டாளத்துக்காரர். சொன்னதைச் செய்தார்.

பதினாலாவது கேள்வி, கடந்த பத்து வருஷம் குடியிருந்த முகவரிகள். கடைசி மூன்று வருஷத்துக்குக் கிடர்பூர். அதற்கு முந்தைய ஏழு வருஷத்துக்கும் ‘கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.’ என்று எழுதினார். எல்லையில் இருக்கும் சிப்பாய்களுக்கு அதுதான் தபால் விலாசம். பனிமலையில் இருந்தாலும் பாலைவனத்தில் இருந்தாலும் அதே விலாசம்தான். எங்கே இருக்கிறோம் என்று வீட்டுக்குக்கூட எழுதக் கூடாது.

ஒரு மாதமாகியும் பதில் இல்லை. இருவரும் அலிப்பூர் அலுவலகத்துக்கு நேரில் போனோம்.

மண்டல் பாபு என்ற குமாஸ்தா ஃபைலைப் பிரித்தார். நிராகரிப்பு. ஏன்? ஏழு வருஷ முகவரியைச் சரிபார்க்க முடியவில்லை. சும்மா சொல்லவில்லை, முயன்றிருக்கிறார்கள். ‘வார்டு கவுன்சிலர், 56 ஏ.பி.ஓ.’ என்று விலாசமிட்டு, மேற்படி நபர் தங்கள் வார்டில் குடியிருந்தாரா என்று கடிதம் போட்டிருக்கிறார்கள்! அது எங்கெங்கோ சுற்றி, அப்படி ஒரு கவுன்சிலர் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்திருக்கிறது. அதையும் பத்திரமாக நூலில் கோத்து வைத்திருந்தார்கள்.

மண்டல் பாபு கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தி, “மாமியார் வீட்டு விலாசத்தைப் போட்டிருந்தால் முடிந்திருக்குமே, மொஷாய். எல்லாரும் அதைத்தானே போடுகிறார்கள்” என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. எல்லையில் நின்றவனிடம் கவுன்சிலர் சான்று கேட்பதா? எந்த மடையன் எழுதிய விதி இது என்று கேட்டேன். சற்று உரக்கவே.

அவர் ஃபைலின் அடியிலிருந்து பழுப்பேறிய சைக்ளோஸ்டைல் சுற்றறிக்கை ஒன்றை உருவி, என் பக்கம் திருப்பி வைத்தார். விதி ஏழு, உட்பிரிவு பி. சரிபார்க்க முடியாத முகவரி எனில் விண்ணப்பத்தை நிராகரிக்கவும். இது முன்னாள் ராணுவத்தினருக்கும் பொருந்தும்.

கீழே கையெழுத்து... என்னுடையது.

நிஜமாகவே மறந்திருந்தேன். இல்லாத வீடுகளைக் காட்டிக் கடன் வாங்கிய ஆசாமிகளைப் பிடிக்க எழுதியது. அந்தக் கடைசி வரியை ஏன் சேர்த்தேன்? ஒருவரும் விட்டுப்போகக் கூடாதே என்ற ஒழுங்குதான். சிப்பாய்க்கு வார்டு ஏது என்று ஒரு கணமாவது யோசித்தேனா?

சின்னசாமி எட்டிப் பார்த்தார். “சைக்ளோஸ்டைல்லகூட உங்க கையெழுத்து அழகா விழுந்திருக்கு, சார்” என்றார். கிண்டலா? இன்றுவரை தெரியாது.

அங்கேயே உட்கார்ந்து, என் விதிக்கு எதிராக நானே மனு எழுதினேன். கமாண்டிங் ஆபீசரின் சான்று போதும் என்று திருத்துங்கள் என்றேன். மண்டல் பாபுவின் மேலதிகாரி மரியாதையாகப் படித்தார். விதியை மாற்ற அதை வெளியிட்டவரின் கருத்து வேண்டுமாம். எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேனே என்றேன். “நீங்கள் ரிட்டயர்டு, சார்” என்றார். மனு டில்லிக்குப் போனது. இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

கெடு முடிந்தது. மனை அடுத்தவருக்குப் போயிற்று. நீலிமா போய் அந்த நாலு செங்கல்லையும் எடுத்து வந்துவிட்டாளாம்.

நேற்று சின்னசாமி மறுபடி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். சங்கத்தில் இன்னொரு மனை காலியாம்... கையில் புதுப் படிவம். பதினாலாவது கேள்வி வந்ததும் என் பேனாவை அவரிடம் நீட்டி, வாழ்க்கையில் முதல் முறையாக அந்த யோசனையைச் சொன்னேன். “மாமியார் வீட்டு விலாசத்தை எழுதிடுங்க, சின்னசாமி.”

அவர் பேனாவை வாங்கிக்கொண்டார்.

“எங்க இருக்கேன்னு ஏழு வருஷம் யார்கிட்டயும் சொல்லல, சார். அது உத்தரவு. இல்லாத இடத்துல இருந்தேன்னு எழுதச் சொல்லி யாரும் உத்தரவு போடலையே?”

கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. என்று நிறுத்தி, நிதானமாக எழுதினார்.

பேனா என்னுடையதுதான். விதி எழுதியே பழகிய அது இப்படியும் எழுதும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.