ஜெயப்ரியாவின் உயரத்துக்கு ஒரு புடவை

ஒன்பதாவது படிக்கும்போதே ஜெயப்ரியா எங்கள் பி.டி. மாஸ்டரைவிட உயரம். அவள் தெருவில் இறங்கினால் போதும், "இன்னாடி, மேல மழை பேயுதா?" என்று கேட்க ஆரணியில் தெருவுக்குத் தெரு ஆள் இருந்தது. அவர்களை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. நான் துர்கா, பள்ளி அணியில் அவளோடு கூடைப்பந்து ஆடியவள். என் தலை அவள் தோளுக்கு எட்டாது. நான் பந்தைக் கொடுப்பேன், அவள் கூடையில் போடுவாள். சேத்துப்பட்டு, பெரணமல்லூர் என்று எங்கே போனாலும் கோப்பையோடுதான் திரும்புவோம்.

களத்தில் அப்படி நிமிர்ந்து நிற்பவள், புடவை கட்டிவிட்டால் வேறு ஆள். எந்தப் புடவையும் அவளுக்குக் கணுக்கால் வரை எட்டாது. அது தெரியாமலிருக்க முழங்காலை மடக்கியே நிற்பாள். அவள் அக்காவின் கல்யாண போட்டோவில் அவளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் அவள் வரவில்லை. பட்டு நெய்கிற வீட்டுப் பெண்ணுக்குப் பட்டுப்புடவை என்றாலே பேஜார்!

சென்னையில் விளையாட்டு விடுதி, அரசு வேலை, மாநில அணி என்று போனாள். நடுவில் முழங்காலில் ஆபரேஷன். இனி அவ்வளவுதான் என்றார்கள். எழுந்து வந்தாள். போன வருடம் அவள் தலைமையில் அணி தேசியப் போட்டியில் தங்கம் வாங்கியது.

மழை பெய்கிறதா என்று கேட்டவர்களே பேனர் கட்டினார்கள். பாராட்டு விழாவுக்குப் பட்டுப்புடவையில் வர வேண்டுமாம்.

"ட்ராக் சூட்ல வரேன். இல்லாங்காட்டி வரவே மாட்டேன்" என்றாள் போனில். சொந்த ஊர் மேடையில் அவள் மறுபடி முழங்காலை மடக்கி நிற்பாளோ என்று எனக்கும் பயம்.

அவள் அப்பா பன்னீர்செல்வம் கடைக்கு நெய்வதை நிறுத்திவிட்டு, தறியின் அகலத்தைக் கூட்டி, அதற்கேற்ப பாவில் நீளவாட்டு இழைகளையும் கூட்டி ஒரு புடவை நெய்தார். மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். விழா அன்று காலை, ட்ராக் சூட்டோடு வந்து இறங்கியவளிடம் நீட்டினார். "உன் ஒசரத்துக்குன்னே போட்ட பொடவம்மா."

கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். முதல் முறையாக பார்டர் பாதத்தைத் தொட்டது. அவள் அழுததைப் பார்த்து நானும் அழுதேன்.

மேடையில் அவள் பெயரைச் சொன்னார்கள். புடவை தந்த தைரியத்தில் கால்களை நேராக்கி, களத்தில் நிற்பதுபோலவே நிமிர்ந்தாள். பார்டர் ஏறி, கணுக்கால் வெளியே தெரிந்தது.

முன்வரிசையில் அவள் அப்பா பதறி எழுந்துவிட்டார். "அளவு தப்பாப் போச்சேம்மா! ரெண்டு அங்குலம் தூக்கிகினு கீதே!"

ஜெயப்ரியா குனிந்து பார்த்தாள். அவள் மைக்கைப் பிடித்தாள்.

"நீ கண்ணால பாத்த அளவு சரிதான் நைனா. பொடவ கட்டிகினு உன் முன்னாடி நான் ஒரு நாளும் நேரா நின்னதில்ல."

விழா முடியும்வரை கணுக்கால் தெரிய அப்படியே நின்றாள்.

அடுத்த புடவைக்குப் பன்னீர்செல்வம் கண்ணை நம்பவில்லை. தறிக்குப் பக்கத்தில் அவளை நிற்கவைத்து, டேப் பிடித்து அளந்தார். அவள் முட்டியை மடக்குகிறாளா என்று பார்த்துக்கொள்ள என்னைக் காவல் வைத்தார்.