வெடிப்புக் கையும் பூச்சிமருந்தும்

எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். செல்வியின் கைகள் இன்று ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் போனதற்கு நான்தான் காரணம்.

வீட்டில் யாருக்கும் இது தெரியாது. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

செல்வி என் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. எட்டாவதோடு நின்றவள், மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரி வளர்ந்தவள். நானோ விலங்கியல் பட்டதாரி. ஆனால் எங்கள் மாமியார் வாயில் விடிந்ததிலிருந்து அவள் பெயர்தான். நான் என்ன செய்தாலும் ஒரு நல்ல சொல் கிடையாது. வயிறு எரிந்தது... பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே எரிந்தது.

இரண்டாயிரத்து ஐந்து, கோடை. எங்கள் கத்திரிக்காய்த் தோட்டத்தில் புழு விழுந்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் விடாத உப்பள வேலையிலிருந்து வந்த கையோடு செல்வி வாளித் தண்ணீரில் பூச்சிமருந்தை ஊற்றி, கையை முழங்கை வரை விட்டுக் கலக்கினாள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான்; கையால் கலக்கினால்தான் பால்போல் திரளும் என்பார்கள். உப்புநீரில் ஊறி ஊறி அவள் உள்ளங்கையெல்லாம் வெடிப்பு.

கல்லூரியில் படித்தது அப்படியே நினைவுக்கு வந்தது. நரம்பு நுனியில் அசிடைல்கோலின் சுரக்கும், எதிரே இருக்கும் ஏற்பியைப் போய்த் தட்டும், தசை அசையும். தட்டி முடித்ததும் ஒரு நொதி வந்து அதைத் துடைத்துவிடும். தோல் வெடிப்பு வழியே உள்ளே இறங்கும் இந்த மருந்து அந்த நொதியை முடக்கிவிடும். பிறகு தட்டல் ஓயாது... புழுவுக்கும் அதே கதி, மனுஷிக்கும் அதே கதி.

என் காலடியில் ஒரு மூங்கில் குச்சி கிடந்தது. எடுத்து நீட்டியிருக்கலாம். நாற்றம் தாளாமல் முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தேன். மாமியார் என்னைப் பார்த்தார்.

"படிச்சவளுக்கு நாத்தம் ஆவாது. இவள பாரு, எதுக்காவது மூஞ்ச சுளிக்கிறாளா?"

கலக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அன்று மட்டுமா? அந்த மாதம் நான்கு முறை பார்த்தேன்.

நான்காம் முறை வரப்பிலேயே விழுந்தாள். வாயில் எச்சில் வழிந்தது, உடம்பெல்லாம் வியர்வை, கண்மணி கடுகளவு. ஆஸ்பத்திரியில் கொழுந்தன் வெயில் மயக்கம் என்றான். நான்தான் டாக்டரிடம் மருந்தின் பெயரைச் சொன்னேன். ஊசி போட்டார்கள், பிழைத்தாள்.

மாமியார் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். "படிச்ச மருமவதான் காப்பாத்திட்டா" என்று ஊரெல்லாம் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து நான் ஏங்கிய சொல்... எப்படி மறுப்பேன்? வாங்கி வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து அவள் விரல்கள் மரத்தன; பிறகு பிடிமானமும் போனது. சில பூச்சிமருந்துகள் ஆள் பிழைத்த பிறகும் நரம்பை அரிக்கும் என்றார் டாக்டர். உப்பளத்துக்கு அவள் திரும்பிப் போகவே இல்லை.

"அக்கா, நீங்க இல்லன்னா நான் செத்துருப்பேன்" என்கிறாள், பார்க்கும்போதெல்லாம்.

இப்போது மாமியார் சோற்றைப் பிசைந்து, உருண்டை பிடித்து, அவளுக்கு ஊட்டுகிறார். நேற்று கதவோரம் நின்று பார்த்தேன். எனக்கு ஒருநாளாவது இப்படி ஊட்டியிருப்பாரா என்று நினைத்தேன்.

நேற்றுகூட அதைத்தான் நினைத்தேன்...